எலி வளையும் ஏழை உலையும்

விழுப்புரத்திலிருந்து சில கல் தொலைவில், பம்பையாற்றங்கரையில் அமைந்திருக்கிறது திருவாமாத்தூர். 'ஆ' என்றால் பசு. பசுக்களுக்குத் தாய்வீடு போன்றது என்பதால் இவ்வூருக்கு இப்பெயர் வந்ததென்பர். கொம்பில்லாதிருந்த ஆவினங்கள் இங்கே தவமிருந்து, தம்மைக் காத்துக்கொள்ளக் கொம்பு பெற்றன என்பது தலபுராணம். தேவார மூவரும் பாடிய கோயில் இவ்வூரில் உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் இங்கு வந்து மடம் அமைத்தார். 1898ஆம் ஆண்டு இவ்வூரிலேயே அடக்கமானார். கொல்லாமையையும் புலால் மறுத்தலையும் ஓயாமல் வலியுறுத்தியவர் அவர்.

ஆக, உயிர்க்கொலை தகாது என்னும் எண்ணம் இம்மண்ணில் ஆழ ஊறியிருக்கிறது எனலாம். அந்த மண்ணைத்தான் ஆண்டுதோறும் தை அறுவடை முடிந்ததும் இருளர்கள் பாரைக்கோலால் அகழ்ந்து எலி பிடித்தார்கள். ஒரே ஊரில் இவ்விரண்டும் எப்படி நிலவின? உயிரைக் கொல்லாதே என்பவரும், கொன்றால்தான் இன்றைக்கு உலை கொதிக்கும் என்பவரும் அருகருகே வாழும்போது, நியாயம் யார் பக்கம் நிற்கிறது? இந்தக் கேள்வி நமக்கு நூல்களைப் படித்து எழுந்ததன்று. சிறு வயதில் ஒரு வரப்போரத்தில் எழுந்தது.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்ததைச் சொல்கிறோம். நம் நன்னா அவ்வூர்ப் பக்கத்தில் மூன்று காணி நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சம்பா பயிரிட்டிருந்தார். கதிரறுத்துப் போரடித்த மறுநாள் காலை, வரப்போரம் ஓர் இருளர் குடும்பம் வந்து நின்றது. ஒரு முதியவர், அவர் மனைவி, மகன், மருமகள், அவள் இடுப்பில் ஒரு குழந்தை, பின்னால் ஒரு நாய். முதியவர் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "பாய், வளை வெட்டிக்கலாங்களா?" என்று கேட்டார். "வெட்டிக்க. போறப்ப வரப்பை மூடிட்டுப் போகணும்" என்றார் நன்னா. உடன்பாடு அவ்வளவுதான். கூலி பேசவில்லை, பேச வேண்டும் என்று இரு தரப்பாருக்கும் தோன்றவுமில்லை.

அவர்கள் வேலை செய்த விதம் இன்றும் கண்முன் நிற்கிறது. முதியவர் வரப்பின்மேல் நடந்துகொண்டே போனார். வளைவாயில் தள்ளிக் கிடந்த மண் ஈரமாக இருக்கிறதா, காய்ந்திருக்கிறதா என்று பார்த்தார். காய்ந்த மண் என்றால் எலி குடிபெயர்ந்துவிட்டது. ஈர மண் என்றால் நேற்றிரவு தோண்டியது. உள்ளே ஆள் உண்டு. ஒரு வளைக்கு ஐந்தாறு வாய்கள் இருக்கும். மருமகள் அவற்றையெல்லாம் களிமண்ணால் அடைத்தாள். மீதமிருந்த ஒரு வாயில், அடியில் துளையிட்ட மண்பானையில் வைக்கோலைத் திணித்து நெருப்பு மூட்டி, வாயால் ஊதினார் கிழவி. ஊத ஊதப் புகை உள்ளே போயிற்று. பாதி அவர் நெஞ்சுக்குள்ளும் போயிற்று. கண் சிவந்து இருமிக்கொண்டே ஊதினார். பிறகு மகன் பாரைக்கோலால் தோண்டினான். மயங்கிக் கிடந்த எலிகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன.

எல்லாவற்றிற்கும் அடியில் ஓர் அறை இருந்தது. அதில் எலி தன் குடும்பத்துக்காகச் சேர்த்து வைத்திருந்த நெற்கதிர்கள். வெட்டியதுபோல் காம்பு அரிந்து, அடுக்கியதுபோல் கிடந்தன. உதிர்த்தால் இரண்டு மூன்று படி தேறும். நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த காவல்காரர், "பாய், இது நம்ம நெல்லு" என்றார். முதியவர் பாரைக்கோலைக் கீழே வைத்தார். "எடுத்துக்கிங்க பாய். நாங்க எலிக்குத்தான் வந்தோம்" என்றார். ஆனால் கிழவியின் கண் அந்தக் கதிரை விட்டு நகரவில்லை.

நன்னா சற்று நேரம் பேசாமலிருந்தார். விளைந்ததில் ஏழைக்குரிய பங்கை ஆண்டுதோறும் தவறாமல் பிரித்துக் கொடுப்பவர் அவர். பிறகு காவல்காரரிடம் சொன்னார்: "நாம பிரிச்சு வைக்க மறந்த ஹக்கை எலி பிரிச்சு வச்சிருக்கு. அவங்க கொண்டு போகட்டும்."

அன்று மாலை வீட்டில் நிகழ்ந்தது வேறு. எலி பிடிப்பதை அருகிலிருந்து பார்த்துவிட்டு வந்தோம் என்று அறிந்ததும், நன்னி நம்மைக் கிணற்றடிக்கு அழைத்துச் சென்று தலையோடு தண்ணீர் ஊற்றினார். "எலி திங்கிறவங்க பக்கத்துல போயா நின்னே?" என்று கடிந்துகொண்டார். நன்னாவும் அதை மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பகலில் அந்தக் குழந்தைக்குத் தாகமெடுத்தபோது, நம் செம்பிலிருந்து தண்ணீர் கொடுத்தவர் நாமேதாம். கையேந்தச் சொல்லி, உயரத்திலிருந்து ஊற்றினோம். யாரும் நமக்கு அப்படிச் செய்யச் சொல்லவில்லை. பார்த்துப் பழகியது.

ஒரே நாளில், ஒரே குடும்பத்தில், இரண்டு தீர்ப்புகள். நெல் விஷயத்தில் நீதி. மனிதர் விஷயத்தில் அருவருப்பு. இவற்றுள் எது நம் மார்க்கத்திலிருந்து வந்தது என்று நாம் பின்னாளில் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு.

இருளர் யார் என்பதைச் சற்றே கூறிவிட்டு மேலே செல்வோம். தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என்று அரசு வகுத்துள்ள ஆறனுள் இவர்களும் ஒருவர். 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 1.9 இலட்சம் பேர் இருந்தனர். நீலகிரிச் சரிவில் வாழும் இருளர் காட்டோடு வாழ்பவர். விழுப்புரம், திண்டிவனம், செங்கற்பட்டு, திருவள்ளூர்ப் பகுதிகளில் வாழ்பவர்களோ காட்டை இழந்து சமவெளியில் தங்கியவர்கள். ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் குடிசை. தெய்வம் கன்னியம்மன். மாசிமகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் பல்லாயிரவராகக் கூடுவார்கள். பெண் கேட்பதும் மணம் முடிப்பதும் அந்த மணலிலேயே நடப்பதுண்டு.

இவர்கள் உணவு தேடும் முறையை நாம் 'எலி பிடித்தல்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். அது நம் அறியாமை. ஒவ்வொரு பருவத்துக்கும் ஒன்று உண்டு. முதல் மழை பெய்த இரவில் ஈசல். புற்றைப் பார்த்தே அன்றிரவு ஈசல் புறப்படுமா என்று சொல்லிவிடுவார்கள். விளக்கை வைத்துக் குழியில் விழச்செய்து, வறுத்து அரிசியோடு சேர்த்துண்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வயல் நண்டும் நத்தையும். ஏரி வடியும் காலத்தில் பறியும் ஊத்தாவும் கொண்டு கெளுத்தி, குரவை, விரால். சேற்றில் கைவிட்டே மீன் பிடிக்கும் பெண்களை நாம் கண்டிருக்கிறோம். தை, மாசியில் எலி. கோடையில் கிழங்கும் தேனும். முன்னாளில் இவற்றோடு முயல், கௌதாரி, உடும்பு.

இவற்றில் எதுவும் சந்தைக்குப் போவதில்லை, போனாலும் சிறிதளவே. ஆகவே எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. ஒரு குடும்பத்தின் வருமானம் என்ன என்று கேட்டு எழுதும் அலுவலர், மரம் வெட்டிய கூலியையும் கரும்பு வெட்டிய கூலியையும் எழுதிக்கொள்வார். சட்டியில் கொதித்த நண்டை எழுத அவர் படிவத்தில் இடமில்லை. அரிசி கடையிலிருந்து வந்தது. அதன்மேல் ஊற்றிய குழம்பு வரப்பிலிருந்து வந்தது. அந்தக் குழம்பு இல்லாவிட்டால் பிள்ளை வெறுஞ்சோற்றை உப்போடு தின்றிருக்கும். பணத்தால் அளப்பவர் கண்ணுக்கு அரிசி தெரிகிறது, குழம்பு தெரிவதில்லை.

பகிர்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்று அந்த முதியவர் பிடித்த எலிகளை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தம் குடும்பத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. வேட்டைக்கு வர இயலாத ஒரு விதவையின் குடிசைக்கும் ஒரு பங்கு போகும் என்று காவல்காரரே பின்னர் நன்னாவிடம் கூறினார். நாளைக்குக் கெட்டுப்போகும் பொருளைப் பூட்டிவைத்துப் பயனென்ன? இன்று கொடுத்தால், தனக்குக் கிடைக்காத நாளில் வாங்கிக்கொள்ளலாம். சேமிப்பு என்பது அவர்களுக்குப் பக்கத்துக் குடிசையில் இருந்தது.

இந்த வாழ்வின்மேல் மூன்று பக்கங்களிலிருந்து கதவுகள் சாத்தப்பட்டன. மூன்றும் தீய நோக்கத்தோடு சாத்தப்பட்டவை அல்ல என்பதே இதிலுள்ள சிக்கல்.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. புலியும் மானும் அருகி வந்த காலம், சட்டம் தேவைதான். ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். அச்சட்டத்தின் தொடக்க வடிவில் உரிமம் பெற்று வேட்டையாட வழி இருந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் அந்த உரிமமுறை ஒழிந்தது. துப்பாக்கியும் செல்வமும் உடையவர் உரிமம் எடுத்துச் சுடலாம். கிட்டி வைத்து முயல் பிடிப்பவர் எந்த அலுவலகத்தில் போய் உரிமம் கேட்பார்? உடும்பு மிகக் கடுமையான காப்புப் பட்டியலில் ஏறிற்று. நேற்றுவரை உணவாக இருந்தது இன்று குற்றமாயிற்று. அதை ஈடுசெய்ய வேறு உணவு எதுவும் வரவில்லை.

1976இல் பாம்புத்தோல் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. அதுவரை இருளர் பலர் பாம்பு பிடித்துத் தோலை விற்று வந்தனர். இலட்சக்கணக்கான பாம்புகள் கைப்பையாகவும் காலணியாகவும் மேலை நாடுகளுக்குப் போயின. அந்தத் தோல்கள் யார் யார் கைவழியே துறைமுகம் சேர்ந்தன என்று நாம் கணக்குப் பார்க்க முற்படவில்லை. ஆனால் தோல் வணிகம் நம் சமுதாயத்துக்கு அந்நியமானதன்று என்பதை மட்டும் நினைவில் வைப்போம். தடை நியாயமானது. பாம்பு குறைந்தால் எலி பெருகும். எனினும் தடைக்குப்பின் வணிகர் வேறு தோலுக்கு மாறினார். பாம்பு பிடித்தவர் எதற்கு மாறுவது?

இதற்கு ஒரு நல்ல விடையும் கிடைத்தது. ரோமுலஸ் விட்டேகர் முதலியோர் முயற்சியால், 1978ஆம் ஆண்டு மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் உயிருடன் பிடித்து, சில வாரங்கள் வைத்திருந்து, நஞ்சை எடுத்தபின் அடையாளமிட்டு மீண்டும் விட்டுவிடுகிறார்கள். அந்த நஞ்சிலிருந்தே பாம்புக்கடி மருந்து தயாராகிறது. நம் பிள்ளையைப் பாம்பு தீண்டி மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் இரவில், அவன் உடலில் ஏறும் மருந்துக்குப் பின்னால் ஓர் இருளரின் கை இருக்கக்கூடும். 2017இல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருவர், அமெரிக்காவின் புளோரிடாச் சதுப்பு நிலத்தில் பெருகிவிட்ட மலைப்பாம்புகளைப் பிடித்துத்தர அழைக்கப்பட்டனர். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. மகிழ்ச்சிக்குரிய செய்தியே. ஆனால் அந்தச் சங்கத்தில் இருப்பவர் சில நூறு பேர். விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளின் குடிசைகளில் இருப்பவரோ பல ஆயிரம்.

இரண்டாவது கதவு ஏரியில் சாத்தப்பட்டது. ஊர் ஏரியின் மீன் உரிமை ஏலத்துக்கு வந்தது. ஏலம் எடுத்தவர் மீன்குஞ்சு விடுகிறார், காவல் வைக்கிறார். செலவழித்தவர் அவர் என்பதால் அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் ஏலம் எடுக்குமுன்பே அந்தச் சேற்றில் தானாகப் பிறந்து வளர்ந்த குரவையும் நண்டும் யாருடையவை? தண்ணீர், மேய்ச்சல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் அனைவரும் பங்காளிகள் என்னும் கருத்துடைய நபிமொழியை நாம் மேடைதோறும் கேட்டிருக்கிறோம். ஏரிக்கரையில் அதை நினைத்துப் பார்த்தவர் நம்முள் எத்தனை பேர்?

மூன்றாவது கதவு, உரிமை வழங்க வந்த சட்டத்திலேயே இருந்தது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பழங்குடியினருக்குச் சிறு வனப்பொருள்களின்மீதும் நீர்நிலை மீன்களின்மீதும் உரிமை தந்தது. வேட்டையாடும் மரபுரிமையை மட்டும் வெளிப்படையாக விலக்கி வைத்தது. அதுவும் காட்டில் வாழ்பவர்க்கு. காடே இல்லாத விழுப்புரத்துச் சமவெளியில் வரப்பை நம்பி வாழ்பவருக்கு அதனால் என்ன பயன்?

கதவுகள் சாத்தப்பட்டபின் அவர்கள் எங்கே போனார்கள்? செங்கற்சூளைக்கும், அரிசி ஆலைக்கும், மரம் வெட்டும் இடத்துக்கும் போனார்கள். முன்பணம் வாங்கினார்கள். முன்பணம் கடனாயிற்று; கடன் விலங்காயிற்று. கொத்தடிமை முறை 1976ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆயினும் அதற்குப் பின்னரும் பல்லாண்டுகள் வரை சூளைகளிலிருந்து மீட்கப்பட்ட குடும்பங்களில் இருளர் மிகுதி. வரப்பில் குழம்பு கிடைத்தவரை ஒருவன் கூலி போதாதென்று மறுக்க முடிந்தது. அது இல்லாதபோது, கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. ஏழையின் வேட்டை அவன் வயிற்றை மட்டுமன்று, அவன் சுதந்திரத்தையும் காத்து வந்தது என்பதை நாம் மிகப் பிந்தியே உணர்ந்தோம். 1990களில் பேராசிரியர் பிரபா கல்விமணி முதலியோர் திண்டிவனத்தில் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தை அமைத்து, சாதிச் சான்றிதழுக்கும், மனைப்பட்டாவுக்கும், பொய் வழக்குகளுக்கு எதிராகவும் போராட வேண்டிவந்தது.

இதே காலத்தில் உலகின் மறுகோடியில் நிகழ்ந்த ஒன்றைச் சொன்னால், இது விதியன்று, மனிதர் செய்யும் முடிவுதான் என்பது விளங்கும். கனடாவின் கியூபெக் மாநிலத்தில், ஜேம்ஸ் விரிகுடாவின் கரையில் கிரீ என்னும் பழங்குடியினர் வாழ்கிறார்கள். பெருங்கடமான், நீர்நாய் போன்ற பீவர், வெண்மீன், இளவேனிலில் வந்திறங்கும் காட்டு வாத்து ஆகியவையே அவர்கள் உணவு. வாத்து வரும் காலத்தில் பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை. ஒவ்வொரு வேட்டை நிலத்துக்கும் ஒரு பெரியவர் பொறுப்பாளர். இந்த ஆண்டு இங்கே பிடிக்கவேண்டாம், விலங்கு பெருகட்டும் என்று அவர் சொன்னால் மற்றவர் கேட்பர். 1971இல் அம்மாநில அரசு, அவர்களைக் கேளாமலே அவர்கள் ஆறுகளை மறித்துப் பெரும் மின்திட்டம் ஒன்றை அறிவித்தது. கிரீ மக்கள் நீதிமன்றம் சென்றனர். கடைச் சரக்கை வாங்கி உண்பவர்கள்தாமே, இவர்கள் வேட்டையை நம்பியா வாழ்கிறார்கள் என்னும் வாதம் அங்கே எழுந்தது. நம் ஊர் அலுவலரின் படிவம்தான் அங்கும்! வேட்டைக்காரர்களே சாட்சிக் கூண்டில் ஏறித் தம் வாழ்வை விவரித்தனர். 1973 நவம்பரில் நீதிபதி ஆல்பர்ட் மாலூஃப் வேலையை நிறுத்துமாறு ஆணையிட்டார். ஒரு வாரத்துக்குள் மேல்நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. எனினும் அந்த ஒரு வாரம் அவர்களைப் பேச்சுவார்த்தைக்கு உரியவர்களாக்கிற்று.

1975 நவம்பரில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதன்படி 1976ஆம் ஆண்டு முதல் ஒரு திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆண்டில் குறைந்தது நான்கு மாதங்கள் காட்டில் தங்கி வேட்டையையும் மீன்பிடியையும் தொழிலாகக் கொண்ட குடும்பத்துக்கு, காட்டில் கழித்த நாள்களுக்கு நாள்படி வழங்குவது என்பதே அத்திட்டம். எத்தனை வாத்து, எத்தனை மீன் என்று வீடுவீடாகக் கேட்டுக் கணக்கும் எடுத்தார்கள். அவர்கள் துயரெல்லாம் தீர்ந்துவிட்டதென்று சொல்லமாட்டோம். அணைநீரில் மூழ்கிய காடு அழுகியதால் மீன்களில் பாதரசம் ஏறிற்று. உண்ணும் மீனையே அளந்து உண்ண வேண்டிய நிலை வந்தது. ஆனால் ஒன்று: உன் உணவு வழியை நான் அடைக்கிறேன் என்றால், அதற்கு நான் கடன்பட்டவன் என்று ஓர் அரசு எழுத்தில் ஒப்புக்கொண்டது. அதே 1976ஆம் ஆண்டில் நம் நாட்டில் பாம்புத்தோல் தடை வந்தபோது, அப்படி ஒரு வரியும் எழுதப்படவில்லை.

இனி நம் மார்க்கச் சட்டத்தைச் சற்று நோக்குவோம். திருமறையின் 'மாயிதா' அத்தியாயம் நீர்வாழ் உணவைப் பொதுவாக அனுமதிக்கிறது; இஹ்ராம் அணிந்தவருக்குத் தரை வேட்டையைத் தடுக்கிறது. தடையை மீறி வேண்டுமென்றே கொன்றவருக்கு விதிக்கப்பட்ட பரிகாரம் என்ன? ஈடான கால்நடையைக் காணிக்கையாக்குவது. அல்லது ஏழைகளுக்கு உணவளிப்பது. அல்லது அதற்கு நிகராக நோன்பு நோற்பது. விலங்கைக் காக்கும் அச்சட்டத்தில் ஏழையின் தட்டு நிறையவும் ஒரு வழி இருக்கிறது. நாம் இயற்றிய சட்டத்தில் விலங்கு காக்கப்பட்டது, ஏழையின் தட்டு காலியாயிற்று. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தவர் அதிகமில்லை. உணவுக்காக வேட்டையாடுவதை ஆகுமென்றும், வெறும் பொழுதுபோக்குக்காக உயிரைப் பறிப்பதை வெறுக்கத்தக்கதென்றும் நம் ஃபிக்ஹு அறிஞர்கள் பிரித்ததையும் இங்கே நினைக்க வேண்டும்.

அருவருப்பைப் பற்றி என்ன? எலி நமக்கு ஆகாது, அதில் மாற்றமில்லை. ஆனால் அன்னை மைமூனா (ரலி) அவர்கள் இல்லத்தில் நிகழ்ந்த ஒரு விருந்தை நாம் அறிவோம். பாலைநிலத்துப் பல்லியினம் ஒன்று சுட்டு வைக்கப்பட்டிருந்தது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் அதை 'உடும்பு' என்றே எழுதுவர். இன்னதென்று அறிந்ததும் பெருமானார் (ஸல்) கையை எடுத்துக்கொண்டார்கள். இது ஹராமா என்று காலித் இப்னு வலீத் (ரலி) கேட்டார். இல்லை, தம் சமூகத்தார் நிலத்தில் அது இல்லாததால் தமக்கு மனம் ஒப்பவில்லை என்று மட்டுமே விடை வந்தது. காலித் அதைத் தம் பக்கம் இழுத்து உண்டார், பெருமானார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதை உண்ணலாமா என்பதில் ஷாஃபிஈகளும் ஹனஃபிகளும் வேறுபடுவர். அந்த விவாதம் நமக்கு இப்போது வேண்டாம். தமக்கு ஒப்பாததை உண்பவரோடு ஒரே விரிப்பில் அமர்ந்திருந்தார்களே, அதைத்தான் சுட்டுகிறோம். நன்னி நம் தலையில் ஊற்றிய தண்ணீருக்கு அந்த விரிப்பில் ஆதாரமில்லை. அது பக்கத்துத் தெருவிலிருந்து நம் வீட்டுக்குள் வந்த வழக்கம்.

தண்டபாணி சுவாமிகளின் வழிவந்தோர் நம்மைப் பார்த்து ஒன்று கேட்கலாம்: "ஆட்டையும் மாட்டையும் அறுத்துண்ணும் நீங்கள் இருளருக்காக வாதாடுவது உங்களுக்காகவே வாதாடுவதன்றோ?" கேள்வி நேர்மையானது. நம் பதில்: கொல்லாமையைத் தானே ஏற்று, தன் வாயைக் கட்டியவர் பெரியவர், அவரை நாம் வணங்காவிட்டாலும் மதிக்கிறோம். அந்த நோன்பை அடுத்தவன் உலைமேல் சுமத்தும்போது அது நோன்பாக நிற்பதில்லை. சுமத்துகிறவர் அரசானாலும், ஏலதாரரானாலும், நாமேயானாலும், சட்டியில் இருந்து எடுத்ததற்கு ஈடு வைத்தாக வேண்டும். உடும்பு அருகிவிட்டதென்றால் அதைக் காக்கத்தான் வேண்டும். அந்தக் காவலின் செலவு ஏரிக்கரைக் குடிசையில் மட்டும் வசூலிக்கப்படுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

இதைச் சொல்லும்போது வேட்டை வாழ்வைப் பொன்னால் மெழுகிக் காட்டவும் நமக்கு விருப்பமில்லை. புகையூதி நெஞ்சு கெட்ட கிழவிகளை நாம் கண்டோம். பின்னாளில் மண்பானைக்குப் பதிலாகக் கைவிசையால் காற்றடிக்கும் இரும்புக் கருவி சில ஊர்களில் வந்தது; அது முப்பதாண்டுகளுக்கு முன்பே வந்திருக்க வேண்டும். தம் பிள்ளைகள் பாரைக்கோலைத் தொடக்கூடாது, பள்ளிக்கூடம் போகவேண்டும் என்று விரும்பும் இருளர்களும் பலர். அவர்கள் விருப்பம் நிறைவேறட்டும். விட்டுவர விரும்புகிறவன் விட்டுவரலாம். அதற்கு வழி செய்யாமல் பிடுங்குவது வேறு.

சென்ற ஆண்டு மாசியில் திருவாமாத்தூர்ப் பக்கம் போக நேர்ந்தது. நன்னா குத்தகைக்கு எடுத்திருந்த நிலத்தில் இப்போது இயந்திரம் அறுக்கிறது. வரப்போரம் நாற்பது வயது மதிக்கத்தக்க இருளர் ஒருவர் பாரைக்கோலோடு நின்றிருந்தார். சூளையிலிருந்து விடுப்பில் வந்ததாகச் சொன்னார். நிலத்துக்காரரிடம் அவர் கேட்ட கேள்வி, அந்த நாள் முதியவர் கேட்டதன்று.

"மருந்து வச்சிருக்கீங்களா?"

எலி மருந்து வைத்த நிலத்தில் பிடித்த எலியை உண்டால் உயிருக்கே கேடு.

"தெரியலப்பா, ஆளு வச்சானோ என்னவோ" என்றார் நிலத்துக்காரர்.

இருளர் வளைவாயில் குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தார். ஈர மண்தான். நிமிர்ந்து, பாரைக்கோலைத் தோளில் வைத்துக்கொண்டார். வெயில் ஏறியிருந்தது. நம் கையிலிருந்த தண்ணீர்ப் புட்டியை நீட்டினோம். "வாய் வச்சே குடிங்க" என்று சொல்லவும் செய்தோம். அவர் சிரித்தார். புட்டியை வாங்கி, தலையை அண்ணாந்து, உதட்டில் படாமல் உயரத்திலிருந்து ஊற்றிக் குடித்துவிட்டு, மூடியைத் திருகி நம்மிடம் திருப்பித் தந்தார். பிறகு அடுத்த நிலத்தைப் பார்த்து நடந்தார்.